கழுதை ஏறிய கோமகன்

தலைநகரில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் சில ஒன்றுகூடிக் குருத்து ஞாயிற்றுக்கு ஆயத்தம் செய்த மாலையொன்றில் எழுந்த சிறு வழக்கே இக்கட்டுரைக்கு வித்து. பவனியின் முன்னே இயேசு பெருமானாக வேடமிட்ட சிறுவன் ஒருவனை விலங்கின்மேல் ஏற்றி அழைத்துச் செல்லவேண்டும் என்பதில் எல்லார்க்கும் உடன்பாடு. எந்த விலங்கு என்பதே வினா. நற்செய்தியில் கழுதை என்றிருக்கிறது. ஆகவே கழுதையே வேண்டும் என்றார் ஒருவர். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அயலூரில் வந்து நம்மை நாமே இழிவுபடுத்திக்கொள்வதா?" என்றார் மற்றொருவர். முடிவில், இந்நகரத்துத் திருமண ஊர்வலங்களில் மணமகனைச் சுமந்துவரும் வெள்ளைக் குதிரை ஒன்று வாடகைக்கு அமர்த்தப்பட்டது. சிறுவன் தலையில் பொற்காகித முடி. தோளில் சிவப்பு வெல்வெட்டு. குதிரையின் நெற்றியில் முந்தைய இரவின் திருமணச் சரிகைக் குஞ்சம் அவிழ்க்கப்படாமலே தொங்கிற்று. நாமும் அம்முடிவுக்குத் தலையசைத்தோம். வாடகையில் நம் பங்கையும் கொடுத்தோம். ஆதலின் இங்கே பிறரைக் குறித்து எழுதுவன எல்லாம் நம்மைக் குறித்தும் எழுதுவனவே.

சங்கத்து மலரில் ஒரு சமயத்தாரின் வீட்டுப் பூசலைக் கொணர்வது ஏன் என்று வினவுவார் இருக்கலாம். அரசன் என்பவன் யார் என்னும் கேள்வி எந்தச் சமயத்தின் தனியுடைமையும் அன்று. தமிழன் அதைக் கேட்கத் தொடங்கி ஈராயிரம் ஆண்டுகள் ஆகின்றன. மேலும், தம் தலைவனுக்குத் தம் ஆசைகளையே ஆடையாக உடுத்திப் பார்க்கும் பழக்கம் கிறித்தவர்க்கு மட்டும் உரியது என்று சொல்ல, இம்மலரைப் புரட்டும் எவரும் துணியமாட்டார்.

தமிழில் கோ என்றால் அரசன். கோயில் என்றால் அரசன் வாழும் இல்லம். இறை என்ற சொல் கடவுளையும் குறிக்கும்; காவலனையும் குறிக்கும்; அவன் தண்டும் வரியையும் குறிக்கும். ஆண்டவன் என்ற சொல்லோ ஆளுதல் என்னும் வினையிற் பிறந்தது. இவ்வாறு அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் ஒரே சொற்களை வழங்கிய மொழி நம்முடையது. சொற்கள் ஒன்றானபோது குடையும் கொடியும் சாமரமும் பல்லக்கும் ஒன்றாயின. கிறித்தவம் தமிழகத்துக்கு வந்தபோது அதுவும் இந்த வரிசைகளை ஏற்றுக்கொண்டது. திருவிழாவின் கொடியேற்றம், சப்பரம், தேர்ப்பவனி, நற்கருணையின்மேல் நால்வர் தாங்கும் விதானம் ஆகியவற்றைக் காணும் எவர்க்கும் இது விளங்கும். இதில் குற்றம் காண்பது நம் நோக்கமன்று. மக்கள் தம் மண்ணின் வழக்கப்படி இறைவனைப் போற்றுவது இயல்பு. ஆனால் குடையைக் கொண்டுவந்தவர்கள் குடைக்கீழ் இருப்பவர் யார் என்பதை மறக்கலாமா என்பதே கேள்வி.

கழுதைக்கு வருவோம். பழைய பாடல்களில் அரசரும் கழுதையும் சேர்ந்து வரும் இடம் உண்டு. பகைவரின் நகரை வென்ற வேந்தன், தேர் ஓடிய தெருக்களைக் கழுதை பூட்டி உழச் செய்தான் என்று புறநானூறு கூறும். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய பாட்டில் இச்செய்தி வருகிறது. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடிய ஔவையாரோ, அவ்வாறு உழுத நிலத்தில் வரகும் கொள்ளும் விதைத்ததையும் சேர்த்துச் சொல்கிறார். தோற்றவனின் ஊர் இனி ஊரன்று, புன்செய்க் காடு என்பதற்கு அடையாளம் அது. மாடு பூட்டி உழுதால் உழவு. கழுதை பூட்டி உழுதால் அவமானம். பிற்காலத்திலும், குற்றவாளிக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள் என்று கதைகளில் கேட்டு வளர்ந்தோம். அன்றாட வாழ்வில் கழுதை வண்ணாரின் துணை. ஊரின் அழுக்கைத் துறைக்குச் சுமந்து செல்லும் விலங்கு. ஆகவே அக்கூட்டத்தில் எழுந்த சிரிப்பு ஒரு மாலைச் சிரிப்பு அன்று. அது மிகப் பழைய சிரிப்பு.

எருசலேமில் நடந்தது என்ன? செக்கரியா என்னும் இறைவாக்கினர், சீயோனின் அரசர் எளிமை உள்ளவராய்க் கழுதைமேல் ஏறி வருவார் என்று முன்னரே கூறியிருந்தார். அதற்கு அடுத்தபடியே, தேர்ப்படையும் போர்க்குதிரையும் போர்வில்லும் ஒழிக்கப்படும் என்றும் அவர் கூறுகிறார். குதிரைக்கும் கழுதைக்கும் இடையே தேர்ந்தெடுக்கும் உரிமையை நற்செய்தி நம் விழாக் குழுவுக்கு விட்டுவைக்கவில்லை. குதிரை ஒழியவேண்டும் என்பதற்காகவே கழுதை வருகிறது. அந்தக் கழுதையும் சொந்தமன்று, இரவல். கட்டியிருந்த இடத்திலிருந்து அவிழ்த்தபோது உடையவர்கள் ஏன் என்று கேட்டார்கள். ஆண்டவருக்குத் தேவை என்று விடை சொல்லப்பட்டது. சேணமும் இல்லை, உடன்வந்தோரின் மேலாடைகளே சேணம். நகரம் கண்ணுக்குத் தெரிந்ததும் அவர் அழுதார் என்கிறார் லூக்கா. நம் வேந்தர் வென்ற நகரைக் கழுதை பூட்டி உழுதனர். இவ்வேந்தர் கழுதைமேல் அமர்ந்து, தம்மைக் கொல்லப்போகும் நகருக்காகக் கண்ணீர் விட்டார். தோற்றவர்மேல் சுமத்திய இழிவைத் தாமே எடுத்துக்கொண்ட ஓர் அரசரைப் புறப்பாடல்களில் தேடிப் பார்த்தோம். நாம் படித்த அளவில் கிடைக்கவில்லை.

கழுதை இஸ்ரயேலில் இழிவான விலங்கு அன்று, அரச மரபின் ஊர்திதான் என்று விவிலியம் நன்கு கற்ற நண்பர் ஒருவர் மறுத்தார். தாவீது தம் கோவேறு கழுதைமேல் சாலமோனை ஏற்றித்தான் அரசராகத் திருப்பொழிவு செய்வித்தார் என்பது அவர் காட்டிய சான்று. சான்று சரியே. கோ ஏறும் கழுதை என்று நம் மொழியே அவ்விலங்குக்குப் பெயர் வைத்திருக்கிறது. ஆனால் அக்கதையின் மீதியையும் படிக்கவேண்டும் அல்லவா? கோவேறு கழுதையில் வந்து முடிசூடிய சாலமோன், பின்னர் 1,400 தேர்களையும் 12,000 குதிரை வீரர்களையும் சேர்த்தார். அவர் ஏற்றிய நுகத்தின் சுமையைக் குறைக்குமாறு மக்கள் அவர் மகன் ரெகபெயாமிடம் வந்து மன்றாடியபோது, என் சுண்டுவிரல் என் தந்தையின் இடுப்பைவிடப் பருத்தது என்னும் பொருள்பட விடை வந்தது. நாடு இரண்டாய்ப் பிளந்தது. அன்று தாவீதின் நகருக்குக் கழுதைமேல் வந்தவர், சாலமோன் கைவிட்ட இடத்திலிருந்து அரசைத் திரும்பத் தொடங்குகிறார் என்றே நாம் கொள்கிறோம்.

அரசன் வேண்டும் என்று இஸ்ரயேலர் முதன்முதல் கேட்டபோது முதியவர் சாமுவேல் சொன்னதை நம் இல்லங்களில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் உரக்கப் படிப்பது நன்று. அரசன் உங்கள் புதல்வரைத் தேர் ஓட்டவும் நிலம் உழவும் எடுத்துக்கொள்வான். புதல்வியரைப் பரிமளம் கூட்டவும் சமைக்கவும் எடுத்துக்கொள்வான். நல்ல வயல்களை எடுத்துத் தன் அலுவலருக்குக் கொடுப்பான். விளைச்சலில் பத்தில் ஒன்று எடுப்பான். எடுத்தல், எடுத்தல், எடுத்தல். அவர் தந்த அரச இலக்கணம் இவ்வளவே. இயேசு இந்த இலக்கணத்தை அறிந்தவர். அப்பம் உண்டு நிறைவுற்ற கூட்டம் தம்மைப் பிடித்து அரசராக்க முனைந்தபோது அவர் தனியே மலைக்கு விலகிப் போனதை யோவான் எழுதியிருக்கிறார். உலகத்து ஆட்சியாளர் மக்களை அடக்கி ஆள்கின்றனர், உங்களுள் அப்படி இருத்தலாகாது என்று சீடர்க்குச் சொன்னவரும் அவரே.

அவர் வாழ்நாளில் ஒரே ஒருமுறை மனிதர் கையால் அரச கோலம் பூண்டார். பிலாத்துவின் படைவீரர் செந்நிறப் போர்வை உடுத்தினர். முள்ளால் முடி பின்னிச் சூட்டினர். வலக்கையில் ஒரு கோலைக் கொடுத்தனர். பிறகு முழந்தாளிட்டு வாழ்த்தினர். போர்வை, முடி, கோல். நாம் கிறிஸ்து அரசர் சுரூபத்துக்கு ஆண்டுதோறும் புதிதாகச் செய்விப்பவை எவை? அதே மூன்றுதான். படைவீரர் கேலியாகச் செய்தனர், நாம் அன்பினால் செய்கிறோம் என்பது உண்மையே. அன்பை நாம் ஐயுறவில்லை. முள்ளைப் பொன்னாக மாற்றியபோது எதை மறைத்தோம் என்பதையே கேட்கிறோம்.

இப்பெருவிழாவின் வரலாறும் நம்மிடையே பலர் அறியாதது. இது பழைமையான விழா என எண்ணுகிறோம், வயது நூறுதான். முதல் உலகப் போரில் உருசிய, செருமானிய, ஆஸ்திரிய முடியரசுகள் சரிந்துவிட்டன. இத்தாலியில் முசோலினி 1922இல் ஆட்சியைப் பிடித்தார். அவ்வேளையில், 1925 டிசம்பர் 11ஆம் நாள், பதினொன்றாம் பயஸ் சுற்றுமடல் ஒன்றின் வாயிலாக இவ்விழாவை ஏற்படுத்தினார். தனி மனிதரும் அரசுகளும் கிறிஸ்துவின் ஆட்சிக்கு உட்பட்டவையே என்பது மடலின் சாரம். தனக்குமேல் ஒருவரும் இல்லை என்று தருக்கிய தலைவர்கள் பெருகிய காலத்தில், உனக்கும் மேலே ஒருவர் உண்டு, அவர் சிலுவையில் தொங்கினவர் என்று சொல்லும் கூர்மை அதில் இருந்ததாக நாம் கருதுகிறோம். அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறாக இருந்த விழா, 1969ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் திருவழிபாட்டு ஆண்டின் இறுதி ஞாயிற்றுக்கு மாறியது.

அந்நாளுக்கு வகுத்த நற்செய்தி வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருகின்றன. ஓர் ஆண்டில், அரியணையில் அமர்ந்த அரசர், பசித்திருந்தேன் உணவு கொடுத்தீர்களா, அன்னியனாய் இருந்தேன் ஏற்றுக்கொண்டீர்களா என்று கேட்கிறார். மறு ஆண்டில், கட்டுண்ட கைதியாகப் பிலாத்துவின் முன் நிற்கிறார். மூன்றாம் ஆண்டில், சிலுவையில் தொங்கியவாறே பக்கத்துக் குற்றவாளிக்குப் பேரின்ப வீட்டை வாக்களிக்கிறார். ஏழையருள் மறைந்தவர், கைதி, சாவுத் தண்டனை பெற்றவர். அரசர் விழாவுக்குத் திருச்சபை தேர்ந்தெடுத்த படங்கள் இவை. நம் தேரில் இவற்றுள் ஒன்றையேனும் கண்டவர் உளரா? உரோமாபுரியே இதை நமக்குமுன் உணர்ந்துவிட்டது. ஆறாம் பவுல் 1964 நவம்பரில் தம் மும்முடியைப் புனித பேதுரு பேராலயப் பீடத்தின்மேல் வைத்து ஏழையருக்கென ஒப்படைத்தார். 1978இல் முதலாம் யோவான் பவுல் முடிசூட்டு விழாவையே வேண்டா என்றார். தமிழும் உணர்ந்துவிட்டது, பாப்பரசர் என்று எழுதிவந்த நாம் இன்று திருத்தந்தை என்றே எழுதுகிறோம். உணராதது நம் பந்தல்காரரும் விழாக் குழுவும் மட்டுமே.

மறுப்புகளுள் வலியது ஒன்று உண்டு. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இரக்கம் மட்டுமே உடைய அரசர் முறை செய்வது எங்ஙனம்? நீதி தவறினோம் என்று அறிந்த கணமே உயிர்விட்ட பாண்டியனையும், கன்றின் உயிருக்கு மகன் உயிரை ஈடாக்கிய சோழனையும் கொண்டாடும் மரபில் வந்தவர்கள் நாம். செங்கோல் வளையாதிருப்பதே அரசு என்று கற்றவர்களுக்கு, கள்வனை மன்னித்த அரசர் மெலிந்தவராகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆயின் வள்ளுவர் என்ன செய்தார் என்று காண்க. அருளுடைமையைத் துறவறவியலில் வைத்தார். கண்ணோட்டத்தையோ பொருட்பாலில், அரசியலுள் வைத்தார். செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை ஆகியவற்றுக்குப்பின் அது வருகிறது. அதன்பின் ஒற்றாடல் தொடங்குகிறது. ஒற்றரைப் பற்றிப் பேசுமுன் இரக்கத்தைப் பற்றிப் பேசிவிட வேண்டும் என்று அவர் எண்ணினார் போலும். கடமை சிதையாதபடி இரங்கத் தெரிந்தவர்க்கே உலகம் உரியது என்பது அவர் கருத்து. ஆக, இரக்கம் அரசனின் ஓய்வு நேரத்து அணிகலன் அன்று. ஆட்சியின் ஒரு துறை. கல்வாரியில் நடந்ததும் முறை தவறிய செயல் அன்று. அக்குற்றவாளி தன் தண்டனை தக்கதே என்று தானே ஒப்புக்கொண்டான். குற்றம் மறைக்கப்படவில்லை, குற்றவாளி கைவிடப்படவும் இல்லை.

வெளிப்பாட்டு நூலில் அவர் வெள்ளைக் குதிரைமேல் வருகிறாரே என்பாரும் உளர். வருகிறார். ஆனால் அந்நூலின் அரியணைக் காட்சியில் யூதாவின் சிங்கம் என்று அறிவித்தபின் யோவான் திரும்பிப் பார்க்கிறார். அங்கே நிற்பது கொல்லப்பட்ட ஓர் ஆட்டுக்குட்டி. மேலே பேசத் தேவையில்லை.

நம் முன்னோருள் இதை நன்குணர்ந்து பாடியவர் இலரா என்றால், உளர். 1726இல் முடிந்த தேம்பாவணியில் வீரமாமுனிவர் செய்தது துணிவான செயல். பெருங்காப்பியத்துக்கு ஒப்பற்ற தலைவன் வேண்டும் என்பது அணியிலக்கணம். அவரோ தாவீது மரபில் பிறந்தும் உளியும் இழைப்புளியும் பிடித்த தச்சர் சூசையை வளன் என்று பெயரிட்டுத் தலைவராக்கி, 3,615 பாடல்களில் காப்பியம் செய்தார். அரசரும் அமைச்சரும் அமர்ந்த இடத்தில் ஒரு தச்சரை அமர்த்திய அப்பெருமகனார், தாம் மட்டும் பல்லக்கில் சென்றார் என்று செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. மெய்யோ பொய்யோ, நம் நிலைக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கதை இன்னும் நெருடுவது. மன்னர் இரண்டாம் சரபோசியோடு சுவார்ட்சு ஐயரிடம் கல்வி கற்றவர். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். தம் பாட்டுக்குத் தலைவர் மாட்டுத் தொழுவில் பிறந்த அரசரே என்று உறுதிபூண்டவர். அத்தகையவரே, ஆலயத்தில் எல்லாச் சாதியாரும் கலந்து அமர்ந்து ஒரே கிண்ணத்தில் நற்கருணை பெறவேண்டும் என்று இளைய மிசனரிமார் வற்புறுத்தியபோது, சாதி வழக்கத்தை ஆதரித்து எழுதினார். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், தென்னாட்டுத் திருச்சபைகளில் சாதி வேறுபாட்டை உடனே முற்றும் கைவிடவேண்டும் என மடல் விடுத்தார். தஞ்சையில் பலர் ஆலயத்தைவிட்டே வெளியேறினர். பாடலில் தொழுவத்துக்குள் நுழைந்தவர்களுக்கு ஆலயத்தில் ஒரே பாய் பெரிதாகிவிட்டது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தோரையும் சாதிவாரியாகப் பிரித்து எழுப்பிய சுவரை நினைத்தால், இது கடந்த நூற்றாண்டுகளின் கதை என்றும் ஆறுதல் கொள்ள இயலாது. 1994இல் வந்த இமையத்தின் நாவலில் ஆரோக்கியம் என்னும் கிறித்தவ வண்ணாத்தி ஊரின் அழுக்கைச் சுமந்தே தேய்கிறாள். நாவலின் பெயர் கோவேறு கழுதைகள். கோ ஏறவேண்டிய கழுதைகள் எவை என்பதை அந்நாவலாசிரியர் நம் மறையுரைகளைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

இனித் தலைநகருக்குத் திரும்புவோம். இங்கே நம்முள் இரண்டு தமிழகங்கள் உண்டு. அரசு அலுவலகத்துக்கும் வங்கிக்கும் மருத்துவமனைக்கும் வந்தவர்கள் ஒன்று. நம் பாத்திரம் துலக்கவும் தரை மெழுகவும் வந்தவர்கள் மற்றொன்று. ஞாயிறு மாலைத் தமிழ்த் திருப்பலியில் இரண்டும் ஒரே கூரையின்கீழ் நிற்கின்றன, முன்வரிசையும் பின்வரிசையுமாக. சில ஆண்டுகளுக்குமுன் கிறிஸ்து அரசர் பவனிக்கு முந்தைய ஞாயிறு, பின்வரிசைப் பெண் ஒருவர் நம் இல்லத்தரசியிடம் வந்து, "எங்க தெருப் பக்கமும் சுரூபம் வருமாம்மா? பிள்ளைங்க கேக்குதுங்க" என்றார். அவர்கள் குடியிருப்பு வடிகால் ஒன்றின் கரையில் இருந்தது. குழுவில் கேட்டோம். பாதை குறுகல், தேர் நுழையாது என்றனர். உண்மைதான். தேரின் அகலம் எட்டடி. அச்சந்தின் அகலம் நாலடியும் இராது. தேர் விரிந்த சாலைகளில் மட்டும் சென்று திரும்பிற்று. அப்பெண்ணும் பிள்ளைகளும் சாலை முனைக்கு வந்து நின்று கும்பிட்டுப் போயினர். கழுதை தாராளமாக நுழையக்கூடிய சந்து அது. இந்த எண்ணம் நமக்கு அன்று வரவில்லை. குதிரை வாடகைக்கு வந்த பிறகே வந்தது.

பெருவிழாவின் நூற்றாண்டான 2025இல் நடந்ததைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. அவ்வாண்டு சூன் 1ஆம் நாள் தில்லி சங்புராவில், பாராபுல்லா வடிகாலின் கரையிலிருந்த மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. பல பத்தாண்டுகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த இடம். அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளில் வீட்டுவேலை செய்தே பலர் பிழைத்த இடம். வடிகாலை அடைக்கும் ஆக்கிரமிப்பு என்பது உயர் நீதிமன்றத்தின் முடிவு. மாற்று வீடு பெறத் தகுதியுடையோர் எனத் தேர்ந்தவர்க்கு நகரின் வடகோடியான நரேலாவில் இடம் ஒதுக்கினர்; தகுதி இல்லை என்று விடப்பட்டோரும் பலர். வழக்கின் நியாயத்தை இங்கே ஆராயப் புகவில்லை. மழைக்காலத்தில் வெள்ளம் புகுந்த வீட்டினர்க்கும் ஒரு நியாயம் இருக்கும். நாம் கேட்பது நம்மைப் பற்றியது. அதே ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், நூற்றாண்டுக்கென வழக்கத்தினும் சிறப்பாக விழா எடுத்தோம். அன்றைய வாசகம் சிலுவையில் தொங்கிய கள்வனுடையது. அவன், என்னை நினைவுகூரும் என்றுதான் கேட்டான். அன்றைய மன்றாட்டுகளில் வீடிழந்த நம்மூரார் நினைவுகூரப்பட்டனரா? இல்லை. விழாக் கணக்கில் ஒலிபெருக்கிக்கும் வாணவேடிக்கைக்கும் தொகை இருந்தது. நரேலாவுக்குப் பேருந்தில் போய்வரும் கட்டணத்துக்குக்கூட ஒரு வரி இல்லை. அவர்களுள் கிறித்தவர் எத்தனைபேர் என்று ஒருவர் கேட்டார். மத்தேயு காட்டும் அரசர் பசித்தவனிடம் அப்படிக் கேட்டதாக ஏடு இல்லை.

சிறுபான்மையினராகிய நாம் அயலூரில் தலைநிமிர்ந்து நடக்க ஆண்டில் ஒருநாள் வேண்டாமா, அதையும் பறிப்பீரோ என்று சிலர் வருந்திக் கேட்கின்றனர். இக்கேள்வி நம் நெஞ்சைத் தொடுகிறது. மதராசி என்ற ஒற்றைச் சொல்லால் அழைக்கப்பட்டு, வாடகை வீடு மறுக்கப்பட்டு, மொழி தெரியாமல் நின்ற நாள்களை நாமும் மறக்கவில்லை. அந்நாள்களில் நம் சப்பரம் தெருவில் வந்தபோது கண்ணில் நீர் துளிர்த்தது உண்மை. ஆனால் தலைநிமிர்வு எவர்க்கு? முன்வரிசை நிமிர்வதற்காகப் பின்வரிசை சாலை முனையில் நிற்கவேண்டியிருந்தால், நாம் விட்டுவந்த ஊரையே இங்கும் கட்டியிருக்கிறோம் என்பதன்றி வேறென்ன?

ஆகவே வெளிப்படையாகச் சில கேட்கிறோம். பவனி வடிகால் கரைச் சந்துகளின் வழியே போகட்டும். தேர் நுழையாவிடில் தேர் வேண்டா. விழா நாளில் முன்வரிசை நாற்காலிகளில் சிறப்பு விருந்தினர் பெயர்ச்சீட்டு ஒட்டுவதை நிறுத்துவோம். பெரிய வியாழன் அன்று பாதம் கழுவப் பன்னிருவரைத் தேர்ந்தெடுக்கையில், பங்குப் பேரவையின் பெரியவர்களையே ஆண்டுதோறும் அமர்த்துவது எதற்கு? திருத்தந்தை பிரான்சிஸ் 2013ஆம் ஆண்டுப் பெரிய வியாழன் அன்று உரோமையின் இளையோர் சிறையில் கைதிகளின் பாதங்களைக் கழுவினார். அவர்களுள் பெண்களும் இருந்தனர், இசுலாமியரும் இருந்தனர். 2016இல் வழிபாட்டு விதியே பெண்களுக்கும் இடம் தந்துவிட்டது. நம் வீட்டுத் தரையைத் துடைக்கும் பெண்ணின் பாதத்தை நம் பங்குத்தந்தை கழுவ, நாம் துண்டைப் பிடித்து நிற்கும் காட்சியை எண்ணிப் பார்க்கும்போதே உள்ளம் கூசுகிறது என்றால், அக்கூச்சத்துக்காகவே அது நடக்கவேண்டும். ஞாயிறு அன்று வண்ணாரின் விலங்கில் ஏறி நகருள் வந்தவர், வியாழன் இரவு துண்டை இடையில் கட்டிக்கொண்டு கழுவும் தொழிலையே செய்தார். இடையில் நான்கு நாள்களே.

வரும் குருத்து ஞாயிற்றுக்கான முதற்கூட்டம் சென்ற வாரம் நடந்தது. குதிரைக்காரரிடம் முன்பணம் கொடுக்கவேண்டா என்று நாம் சொன்னபோது மீண்டும் சிரிப்பு எழுந்தது. ஆனால் சென்ற முறையினும் சற்றுக் குறைவு. யமுனைக் கரையில் மண் சுமக்கக் கழுதை வைத்திருப்போர் சிலர் உளர் என்றும், தாம் சென்று கேட்டு வருவதாகவும் இளைஞர் ஒருவர் கூறினார். எதற்கு என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்றார். கூட்டம் அதற்குள் ஒலிபெருக்கி வாடகைக்குப் போய்விட்டது; அவருக்கு இன்னும் விடை கொடுக்கவில்லை.